குகையை யாரும் குடையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குகைகளைப் பற்றி முழுப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கும்போது மூன்று இடத்தில் இடறினேன். ஓடுகிற தண்ணீர் பாறையை அரித்துக் குடைந்துதான் குகை உண்டாகிறது என்று ஓரிடத்தில் வருகிறது. கூரையில் தொங்கும் துளி ஆவியாகிவிட, அதிலிருந்த சுண்ணாம்பு மிஞ்சி விழுதாகிறது என்று இன்னோரிடத்தில். மூன்றாவது, ஒரு படம். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு வருஷம் முன்னால் இந்தக் கட்டுரை வந்திருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். இடையில் ஒரு குகைக்குள் போய் வந்துவிட்டேன், அதனால்தான் இத்தனை நீளக் கடிதம். வெட்டிப் போடுவதானால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தம் மட்டும் வரட்டும்.

என் அண்ணன் மகள் நிலவியல் படிக்கிறாள். தோழிகள் இரண்டு பேரோடு ஒரு சின்னக் குகையை அளக்கப் போவதாக இருந்தாள். குகைக்குள் நாலு பேருக்குக் குறைந்து இறங்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி; ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மற்ற இருவர் சேர்ந்து வெளியே போய் ஆள் கூட்டி வர வேண்டும். "ஒரு ஆள் குறையுது சித்தப்பா, வர்றீங்களா?" என்றாள். என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு ஆள் கணக்குக்குத்தான், வேறு பெருமை எதுவும் இல்லை.

குகை எங்கே என்று எழுத மாட்டேன். இதில் பழகியவர்கள் காவல் இல்லாத சின்னக் குகைகளின் இடத்தை வெளியே சொல்வதில்லையாம், சொன்ன இடங்களுக்கு என்ன கதி ஆயிற்று என்று பார்த்தவர்கள். முழு நீளமும் சேர்த்து 80 மீட்டர் தேறும். நீங்கள் கட்டுரையில் எழுதிய, அளந்ததே 680 கிலோமீட்டரைத் தாண்டிய அமெரிக்காவின் மாமத் குகைக்கு முன்னால் இது ஒரு எலி வளைகூட இல்லை. ஆனால் சின்னதில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய குகையில் வண்ண விளக்கும் கைப்பிடிக் கம்பியும் கூட்டமும் சேர்ந்து நம்மை நகர்த்திக்கொண்டே போகும். இங்கே ஒரு சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் கேட்க ஆள் இல்லை.

தலைக்கு ஹெல்மெட், அதில் ஒரு விளக்கு, பையில் ஒரு டார்ச், சட்டைப் பையில் இன்னொரு டார்ச். ஆளுக்கு மூன்று விளக்கு. போன் இருக்கிறதே என்றேன். "போன் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டாள். வாசல் என்று அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாறைக்கு அடியில் ஒரு பிளவு, முழங்கை ஊன்றிப் படுத்து நுழைந்தால் ஏழெட்டு அடி தாண்டி எழுந்து நிற்கலாம். வெளியே வெயில் கொளுத்தியதால் உள்ளே சில்லென்று இருந்தது, ஏசி போல இருக்கிறதே என்றேன். அவள் சிரித்தாள். ஓர் இடத்தின் வருஷம் முழுவதற்குமான சராசரி வெப்பம் எவ்வளவோ, கொஞ்சம் உள்ளே போய்விட்டால் குகையின் வெப்பமும் ஏறக்குறைய அதுதானாம். கோடையில் வந்தவனுக்குக் குளிரும், பனிக்காலத்தில் வந்தவனுக்கு இதமாக இருக்கும், குகை என்னவோ அப்படியே இருக்கும்.

இருபது மீட்டர் உள்ளே போனதும் நிற்கச் சொன்னாள். "முன்னாடி பார்த்து இந்த வழியோட வடிவம் என்னன்னு சொல்லுங்க" என்றாள். தலைக்கு மேலே வழி உருண்டையாகப் பெரிய குழாய் போல இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒடுங்கி, இரண்டு கால் மட்டும் போகிற அளவுக்கு ஒரு நெடிய சந்து. பழைய பூட்டில் இருக்குமே சாவித் துவாரம், அச்சு அசல் அது. நான் சாவித் துவாரம் என்றேன், அவர்கள் படிப்பிலும் அதற்கு அதுதான் பெயர் என்றாள். அந்த ஒரு வடிவத்தில் குகையின் பாதி ஜாதகம் இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்த காலத்தில் இந்தக் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தது, மேலும் கீழும் பக்கவாட்டும் என்று எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கரைத்தது, அதனால் உருண்டை. அப்புறம் வெளியே பள்ளத்தாக்கில் ஆறு ஆழமாக இறங்க இறங்க நீர்மட்டமும் இறங்கியது. குழாய்க்குள் காற்று வந்தது. தண்ணீர் தரையோடு ஓடத் தொடங்கியது, ஓடிய இடம் மட்டும் கீழ்நோக்கி அறுந்தது, அதுதான் என் கால்கள் மாட்டிக்கொண்டிருந்த சந்து.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள், மீன் செதில் போல ஒன்றையொன்று ஒட்டி. டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபோதுதான் நிழல் விழுந்து கண்ணுக்குத் தெரிந்தன, நேராக அடித்தால் ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்கம் செங்குத்து, எதிர்ப்பக்கம் மெல்லிய சரிவு. செங்குத்தான பக்கம் இருக்கும் திசையிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. குழி சின்னதாக இருந்தால் வேகமான நீர், பெரிதாக இருந்தால் மெதுவான நீர். சொட்டுத் தண்ணீர்கூட ஓடாத வறண்ட சுவரில், எந்தக் காலத்திலோ ஓடிய ஆறு எந்தப் பக்கம் போனது, எவ்வளவு அவசரமாகப் போனது என்று எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, விழுதுகளைவிட.

சரி, கரைத்தது கரைத்தது என்கிறாயே, கல் எப்படிக் கரையும் என்று கேட்டேன். பதிலுக்கு அவள் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினீர்களா? ஊதினோம். என்ன ஆச்சு? பால் போல ஆச்சு. அப்புறம்? அப்புறம் என்ன, மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனோம். "பால் ஆனதுக்கப்புறமும் நிறுத்தாம அந்த வாயுவை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரும் காட்டலையா?" என்றாள். எனக்குக் காட்டவில்லை. உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குக் காட்டினார்களோ.

வாயுவைத் தொடர்ந்து விட்டால் அந்தப் பால் மறுபடி தெளிந்துவிடும். பாலாகத் தெரிந்தது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொடி. வெறும் தண்ணீரில் அது கரைவதில்லை என்றே சொல்லலாம். கரியமில வாயு மிகுதியாகக் கலந்த தண்ணீர் லேசான அமிலம், அது அந்தப் பொடியைப் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்ளும். இப்போது அந்தத் தெளிந்த நீரைச் சூடு பண்ணி வாயுவை வெளியேற்றினால் திரும்பப் பாலாகும். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பாறையும் இருக்கிறது, பாறை கரைந்து குகையாவதும் இருக்கிறது, குகைக்குள் விழுது வளர்வதும் இருக்கிறது. நாம் முதல் காட்சியோடு திரையை இறக்கிவிட்டு வந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன் (ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது, சுண்ணாம்பு நீர் வாயைப் புண்ணாக்கிவிடும்). முதல் முறை வாயால் ஊதி ஊதி மூச்சு வாங்கியதுதான் மிச்சம், பால் பாலாகவே இருந்தது. போனில் கேட்டதற்கு, நம் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்குதான் கரியமில வாயு, அடர்த்தியான சுண்ணாம்பு நீருக்கு அது போதாது, நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்துவிட்டு சோடாவை ஊற்றிப் பாருங்கள் என்றாள். ஊற்றினேன். கலங்கல் கண்ணெதிரே கரைந்தது. அதை அடுப்பில் வைத்தேன், சூடு ஏறியதும் மறுபடி கலங்கியது. வெந்நீர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும் படிவம் இருக்கிறதே, உப்பு என்று நாம் திட்டிக்கொண்டே சுரண்டுவது, அதுவும் இந்தச் சரக்குதான்.

மழைக்கு யார் சோடா ஊற்றுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், அதைப் பிடித்துக்கொண்டு வரும் மழைத்துளியால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வேலை நடப்பது மண்ணில். வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணிடுக்கில் உள்ள காற்றில் இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட இருக்கும். அதன் வழியாக இறங்கும் தண்ணீர்தான் சோடாவாகிறது. ஆக, குகைக்கு மேலே காடும் மண்ணும் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை.

அந்தத் தண்ணீர் பாறைக்குள் போக ஒரு வழி வேண்டும். தமிழில் குகைக்கு முழை, அளை, பிலம், விடர் என்று எத்தனையோ சொல் இருக்கிறது. இதில் விடர் என்பதற்குப் பிளப்பு, வெடிப்பு என்ற பொருளும் உண்டு. குகை பிறப்பது அங்கேதான். பாறை அடுக்குகளுக்கு இடையில் முடி இழை அளவு இடுக்கு, அல்லது குறுக்கே ஓடும் ஒரு விரிசல். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: அமிலம் முதல் ஒரு அடியிலேயே கல்லைத் தின்று தீர்த்து, வாய்ப்பக்கம் மட்டும் அகலமாகி உள்ளே ஒன்றும் நடக்காமல் போக வேண்டுமே? நல்ல கேள்வி என்று முதல் தடவையாகப் பாராட்டு வாங்கினேன். தண்ணீர் கல்லைக் கரைத்து நிறைந்துகொண்டே வரும்போது, வயிறு நிறையப் போகிறவன் போல, கடைசிக் கொஞ்சத்தை மிகமிக மெதுவாகத்தான் கரைக்கும். அந்தக் கொஞ்சப் பசியோடு அது பாறையின் ஆழம்வரை போய்விடும். அதோடு இன்னொன்று: வேறு வேறு வழியாக வந்த, இரண்டுமே நிறைந்துவிட்ட இரண்டு தண்ணீர்கள் உள்ளே எங்காவது சந்தித்துக் கலந்தால், அந்தக் கலவைக்குத் திரும்பப் பசி எடுக்கும்! அவற்றில் கரைந்திருக்கும் வாயுவின் அளவு வேறுபட்டிருந்தால் போதும். இதை நான் நம்பவில்லை, தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள், இப்போதும் பாதிதான் புரிகிறது.

விரல் நுழைகிற அளவுக்கு அகலமாவதற்கே பல ஆயிரம் ஆண்டுகள் ஆகுமாம். பல விரிசல்களுக்குள் நடக்கும் இந்தப் போட்டியில் ஒன்று முந்திக்கொண்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும், அது இன்னும் அகலமாகும், மற்றவை அப்படியே முடி இழையாகவே நின்றுவிடும். எங்கள் குகையின் கூரையில் நட்டநடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயித்த விரிசல்.

உங்கள் கட்டுரையில் வரும் குடைதலை முழுப் பொய் என்று சொல்லவில்லை. வழி அகலமாகி, மணலும் கூழாங்கல்லுமாக ஓடை ஒன்று உள்ளே பாயத் தொடங்கிவிட்டால் உரசித் தேய்ப்பதும் சேர்ந்துகொள்ளும். கடலோரக் குகைகள் அலை மோதி உடைத்தவைதான். எரிமலைக் குழம்பு மேலே இறுகி உள்ளே வழிந்தோடிவிட்டால் அதுவும் ஒரு குகை. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையை உண்டாக்கியது மழையே இல்லை, பூமிக்குள்ளிருந்து ஏறிவந்த ஹைட்ரஜன் சல்பைடால் உண்டான கந்தக அமிலம். ஆனால் நீங்கள் போட்ட ஆறு படமும் சுண்ணாம்புக் குகைகள், கார்ல்ஸ்பாட் அதில் இல்லை, ஆகவே கரைதல் என்ற சொல் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆவி. குகையின் கடைசியில் நாலு பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஓர் அறை. அங்கே கூரையில் மெல்லிய குழல்கள், குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா தடிமன், உள்ளே ஓட்டை, நுனியில் ஒரு துளி. விளக்கை எல்லாம் அணைத்தோம். கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினால் தெரிவது போலத் தோன்றும், அது மூளை செய்யும் பொய்யாம். ஒரு சொட்டு. எண்ணத் தொடங்கினேன், நாற்பது எண்ணியபோது அடுத்த சொட்டு. திரும்ப விளக்கைப் போட்டபோது சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது, உள்ளே வந்து ஒரு மணி நேரமாகியும் காயவில்லை. அப்போது அவள் சொன்னது ஒரே வரிதான்: "உங்க சட்டையே காயல, அந்தத் துளி எப்படி சித்தப்பா காயும்?"

குகையின் ஆழத்தில் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும், ஆவியாவதற்கு இடமே இல்லை. துளியை விட்டுப் போவது தண்ணீர் இல்லை, வாயு. மண்ணுக்குள் நிறையக் கரியமில வாயுவை ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீர், அது குறைவாக உள்ள குகைக் காற்றைத் தொட்டதும், சோடாவைத் திறந்தால் நுரைத்து வாயு போவது மாதிரி, சத்தமில்லாமல் வாயுவை விடுகிறது. வாயு போனால் கல்லைத் தாங்க முடியாது, துளியின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக அதை இறக்கி வைக்கிறது. வளையத்துக்குக் கீழே வளையம், அதுதான் ஸ்ட்ரா. நடு ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து, மேலே தடித்துக் கீழே கூராகக் கல்விழுது ஆகிறது. கீழே விழுந்த துளி தெறிக்கும்போது மிச்சத்தை விடுவதால் தரையிலிருந்து கல்முளை எழும்புகிறது. காற்றோட்டமுள்ள வாசல் பக்கத்தில் ஆவியாவதும் கொஞ்சம் நடக்கும், ஆனால் கதையின் நாயகன் அதில்லை.

இந்தக் கல்முளைகளை வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காக இருக்கும், பழைய மழையின் கணக்கு அதில் இருக்கிறது. மேகாலயாவில் மவ்ம்லூ என்ற குகையின் ஒரு கல்முளையில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் மழை பலவீனமானதன் தடம் கிடைத்தது. அதை அடையாளக் கல்லாக வைத்துத்தான் பூமியின் வரலாற்றில் நாம் இப்போது வாழும் பகுதிக்கு 2018-ல் மேகாலயன் காலம் என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுவதற்கும் அதுதான் பெயர். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லையே என்று எனக்கு உள்ளபடியே வருத்தம்.

வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அந்தச் சின்ன அறையில் ஐந்தாறு குழல்கள் ஒடிந்து அடிக்கட்டை மட்டும் நின்றன, வெட்டுவாய் புதிதாக வெள்ளை வெளேரென்று. யாரோ ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டால் எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் வருகிறது. சுவரில் இரண்டு பெயர், நடுவில் இதயம், அம்பு. மூலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலை எடுத்துவந்தோம். இதயத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த அறைக்குள் நுழையும்போது நானும் சும்மா இருக்கவில்லை. இடுப்பளவில் வழவழவென்று ஒரு கல்முளை இருந்தது, ஊன்றி எழலாம் என்று கையுறையைக் கழற்றிய கையை நீட்டினேன். "சித்தப்பா, கைய எடுங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் புதிதாகச் சுண்ணாம்பு ஒழுங்காகப் படியாது, அழுக்கு ஏறிக் கறுத்துப்போகும், அந்த இடத்தோடு வளர்ச்சி நின்றாலும் நிற்கலாம். கையை மட்டும் சொல்வானேன், மூச்சே போதும். பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டன. 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள், வந்தவர்களின் மூச்சும் சூடும் விளக்குகளும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்து, 1963-ல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். பதினேழாயிரம் ஆண்டுகள் தாங்கியது பதினைந்து ஆண்டு மூச்சைத் தாங்கவில்லை.

உங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு அடுத்த விடுமுறையில் டார்ச்சும் கையுமாகக் கிளம்பப் போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம். திரும்பி வரும்போது அவள் சாவித் துவாரத்தின் உச்சியைக் காட்டினாள். கூரை இடுக்கில், என் தலைக்கும் ஒரு முழம் மேலே, காய்ந்த சுள்ளிகளும் சருகும் செருகியிருந்தன. பறவை கொண்டுவந்து வைத்ததா என்றேன். "தண்ணி" என்றாள். போன மழைக்காலத்தில் அதுவரை வந்திருக்கிறது. அந்த நிமிஷம் முதுகுத்தண்டில் ஏறிய குளிருக்கும் குகையின் சராசரி வெப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. 2018 ஜூனில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்கள் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான், உள்ளே போனபோது நடக்க வழி இருந்தது, மழை பெய்து வழி முங்கிவிட்டது. எல்லோரையும் வெளியே எடுத்து முடிக்க ஜூலை 10 ஆயிற்று, மீட்கப் போன முக்குளிப்பவர் ஒருவர் உயிரையே விட்டார். மழை வரும் என்றால் உள்ளே போகாதே, எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ, தனியாகப் போகாதே, தாழ்ந்த முட்டுச்சந்தில் மூச்சு முட்டினால் அங்கே கரியமில வாயு தேங்கியிருக்கலாம், உடனே திரும்பு, வௌவால் தொங்கினால் விளக்கைத் திருப்பிக்கொள், அதன் எச்சம் குவிந்த இடத்தில் தூசியைக் கிளப்பாதே, நுரையீரலுக்குக் கேடு. இவ்வளவுதான், நாலு வரியில் முடிந்திருக்கும்.

கடைசியாக அந்தப் படம். இரண்டாம் பத்தியின் மேலே, ஓர் இளைஞர் கல்விழுது ஒன்றை இரண்டு கையாலும் தழுவிக் கன்னத்தை வைத்துச் சிரிக்கிறாரே, அது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, மூன்று பெண்கள் கத்தாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுத்துவிட்டு, நுனியில் ஒரு துளி தொங்குகிற படமாகப் போடுங்கள். அப்படியே கீழே உள்ள விளக்கத்தில் ஆவியாகி என்று வரும் இடத்தில் வாயுவை இழந்து என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்